தோடி பாடியபோது விழித்திருந்தேனா?

ஒரு மார்கழி மாதச் சாயங்காலம், மயிலாப்பூரில் ஒரு சபாவில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, என் இதயம் நாலு வினாடிக்குச் சற்று மேலே நின்றது. பிறகு தானே ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நின்றது. நாற்பது நிமிஷத்தில் ஏழு தடவை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நாற்பது நிமிஷமும் நான் விழித்திருந்தேன் என்றால், மார்பைக் கீறி ஒரு கருவியை உள்ளே வைக்க வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தேன் என்றால் அனேகமாக வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஆதியோடந்தமாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

எனக்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று. தியாகராய நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், க்ளெய்ம் பிரிவில் வேலை. ஒருவர் இறந்துபோனால், பாலிசி எடுக்கும்போது அவர் ஏதாவது வியாதியை மறைத்தாரா என்று பார்ப்பது என் பொறுப்பு. மறைத்தவர்கள் பெரிய புளுகர்கள் இல்லை. கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதியவர்கள், அவ்வளவுதான். வேலை போக, மயிலாப்பூரில் வீடு வீடாகப் போடும் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சங்கீத விமரிசனம் எழுதிவந்தேன். கோவில் வாசலில் நாலு பேர் அதைச் சொல்லிக் கும்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

வியாதி ஐப்பசியில் தொடங்கியது என்று அப்போது நினைத்தேன். அலுவலகத்திலிருந்து திரும்பி வருகையில், லஸ் கார்னருக்குக் கொஞ்சம் முன்னால், நின்றுகொண்டிருந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றின் பின்புறத்தில் என் ஸ்கூட்டரை முட்டினேன். கண்ணைத் திறந்தபோது தரையில் இருந்தேன். பஞ்சர் கடைக்காரர் ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"இன்னா சார், தூங்கிக்கினே வண்டி ஓட்றியா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மயக்கம்ப்பா. கண்ணை இருட்டிடுத்து" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வியாதியை முதலில் சரியாகச் சொன்னவர் அவர்தான். ஃபீஸ் கூட வாங்கவில்லை.

நம் ஊரில் மயக்கத்துக்கு இருக்கிற மரியாதை தூக்கத்துக்குக் கிடையாது. மயங்கி விழுந்தால் சோடா வாங்கித் தருவார்கள். தூங்கி விழுந்தால் திட்டு விழும். ஆகவே வீட்டிலும் மயக்கம் என்றே சொன்னேன். என் மனைவி மைதிலி பயந்துபோய் அன்றைக்கே குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் நாடி பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடியும் பிடித்தார். நிமிஷத்துக்கு நாற்பத்தாறு. "இதயக்காரரைப் பார்த்துடுங்கோ" என்று அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே காத்திருப்பவர்களின் உலகம் தனி. எல்லார் மடியிலும் ஒரு ஃபைல். 'உங்களுக்கு எத்தனை அடைப்பு?' என்பதுதான் முதல் விசாரிப்பு. எனக்கு அடைப்பே இல்லை என்று தெரிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் ஒழுங்காகத்தான் துடிக்கிறது, மெதுவாகத் துடிக்கிறது என்றார்கள். மார்பில் பசை தடவி எக்கோ எடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். எதிலும் குற்றமில்லை. டாக்டர் நாற்பது வயதுக்காரர், நிதானமானவர். இதயத்தின் வலது மேல் அறையில் தாளம் போடும் சின்ன இடம் ஒன்று உண்டு, அது சோர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு முழு நாள் இதயத்தைப் பதிவு செய்யும் கருவியை மாட்டிக்கொண்டு திரிய வேண்டும்.

அதன் பெயர் ஹோல்டர். மார்பில் ஒட்டிய வில்லைகளிலிருந்து ஒயர்கள் கிளம்பி இடுப்பில் தொங்கும் பெட்டிக்குள் போயின. பெட்டிக்குள் கேசட் சுற்றியது, பாட்டுக் கேட்கிற அதே மாதிரிக் கேசட். கூடவே ஒரு காகிதம் கொடுத்தார்கள். "என்ன செய்றீங்க, எத்தனை மணிக்குச் செய்றீங்க, எல்லாத்தையும் எழுதுங்க சார். தூங்கினாலும் எழுதுங்க" என்றாள் மாட்டிவிட்ட பெண். அன்று மாலை கச்சேரி இருந்தது. போகலாமா என்று கேட்டேன். வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்யச் சொன்னாள்.

சபா வாசலில் தொண்டர் ஒருவர் என் இடுப்பைப் பார்த்துவிட்டார்.

"சார், டேப் ரிக்கார்டர் உள்ள கொண்டுபோகப்படாது."

"இது என் ஹார்ட்டைப் பதிவு பண்றது" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றி ஒயரைக் காட்டினேன்.

"பாட்டும் சேர்ந்து பதிவாகாதுன்னு என்ன நிச்சயம்?"

மைதிலி முன்னால் வந்தாள். "இவர் விமரிசனம் எழுதறவர். விடலேன்னா சொல்லுங்கோ, நாங்க ஆத்துக்குப் போறோம். வாசல்ல நடந்ததையே எழுதட்டும்." வழி பிறந்தது.

உட்காரும் இடத்தை எப்போதும் மைதிலிதான் தேர்ந்தெடுப்பாள். மிருதங்கம் இருக்கிற பக்கம், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. யாரும் விரும்பாத இடம். ஏன் அங்கே என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று வர்ணம் கேட்டேன். அடுத்த கிருதியின் பல்லவி வரை கேட்டேன். அதற்குப் பிறகு என் காதில் விழுந்தது மங்களம்தான். இது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல. பன்னிரண்டு வருஷமாக, விளக்கு மங்கினால் தலை சாய்ந்துவிடும். வீட்டுக்கு நடக்கும் வழியில் மைதிலி சொல்வாள்: என்ன பாடினார்கள், எங்கே சுருதி விலகியது, எந்த இடத்தில் வயலின்காரர் அழகாக விட்டுக்கொடுத்தார். நான் இரவே உட்கார்ந்து எழுதிவிடுவேன். ஆபீஸ் களைப்பு, உட்கார்ந்தால் கண் செருகுகிறது என்று நாங்கள் இருவரும் பேசாமலே ஒப்புக்கொண்டிருந்தோம்.

ஹோல்டர் காகிதத்தில் எழுதினேன்: 'மாலை 4.30 முதல் 6.45 வரை: கச்சேரி கேட்டேன்.'

கேசட்டைப் படித்து அறிக்கை வரப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் பத்திரிகையும் வந்துவிட்டது. டாக்டர் அழைத்தபோது மைதிலி கீழே பணம் கட்டும் வரிசையில் நின்றாள். நான் மட்டும் உள்ளே போனேன். மேஜைமேல் நீளக் காகிதம் ஒன்று விரிந்திருந்தது. கோடு குதித்துக் குதித்துப் போய், திடீரென்று வெறுமனே நீண்டு, பிறகு மறுபடி குதித்தது.

"ராத்திரி தூக்கத்தில இதயம் மெதுவாப் போறது, கொஞ்சம் நிக்கிறது, அதைப் பத்தி நான் உடனே கவலைப்பட மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா இது சாயங்காலம் அஞ்சேகால் மணி. முழிச்சிட்டு இருக்கும்போது நாலு செகண்டுக்கு மேல நிக்குது. ஸ்கூட்டர்லேர்ந்து மயங்கியும் விழுந்திருக்கீங்க. ரெண்டையும் சேர்த்தா பேஸ்மேக்கர்தான்."

நான் அந்தக் கோட்டின் வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருவேளை கண் அசந்திருப்பீங்களோன்னு எனக்கும் சந்தேகம் வந்துச்சு. அப்புறம் எங்க வீட்டுல போட்டுட்டுப் போன பத்திரிகையில உங்க விமரிசனத்தைப் படிச்சேன். அந்தத் தோடி ஆலாபனையை அங்குலம் அங்குலமா எழுதியிருக்கீங்க. தூங்கினவர் எழுத முடியாது" என்று சிரித்தார்.

நான் எழுதியதையே எனக்கு எதிராகச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டார். 'இல்லை டாக்டர், தூங்கிவிட்டேன்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பெரிய டாக்டர், எப்படியும் தெரிந்துதான் சொல்வார் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். வெளியே வந்து மைதிலியிடம், "பேஸ்மேக்கர் வைக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவள் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பேஸ்மேக்கர் என்பது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய, தட்டையான உலோக வில்லை. தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கீறி அங்கே வைத்து, ஒரு கம்பியை ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் இறக்குவார்கள். இதயம் தாளம் தவறினால் அது ஒரு தட்டுத் தட்டும். பேட்டரி தீர்ந்தால் மறுபடி கீறி மாற்ற வேண்டும். ஆயுசுக்கும் அது கூடவே இருக்கும். விலையைக் கேட்டதும் வீட்டில் இரண்டு நாள் யாரும் உரக்கப் பேசவில்லை. சேமநல நிதியில் கடனுக்கு எழுதிப் போட்டேன்.

இரண்டு படுக்கை கொண்ட அறையில் சேர்த்தார்கள். பக்கத்துப் படுக்கையில் காதர் பாய். திருவல்லிக்கேணியில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். மாரடைப்பு வந்து, தேறி, வீட்டுக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கியவர். வேலை செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தும் தலையணைக்குக் கீழே ஒரு பழைய கடிகாரம் வைத்திருந்தார், சத்தம் கேட்பதற்கு. அவர் வீட்டிலிருந்து வரும் கஞ்சியில் பாதியை எனக்கு நீட்டுவார். "ஆட்டுக்கறி போடல சாமி, உங்களுக்காவே தனியா வச்சிக் கொடுத்தனுப்புனாங்க" என்பார். மைதிலி பதிலுக்கு ரசம் கொடுப்பாள். அவருக்கும் உப்புக் குறைவு, எனக்கும் உப்புக் குறைவு. இரண்டு வீட்டுச் சமையலும் ஒரே மாதிரி ருசியற்றுப் போயிருந்ததில் ஒற்றுமை வளர்ந்தது.

அறுவை அறையில் இடம் கிடைக்க மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. நோயாளிக்குப் பகலில் வேலை கிடையாது. சாப்பிட்டதும் தூங்குவேன். எழுந்தால் தலை கனக்கும், தூங்கினாற்போலவே இருக்காது. பயந்தேன் என்று சொல்வதற்கென்ன, பயந்துதான் இருந்தேன். கம்பி இதயத்துக்குள் போவதை நினைத்தால் உள்ளங்கை வேர்த்தது. ஆனால் தூங்கிவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்வதை நினைத்தாலும் அதே அளவு வேர்த்தது.

மூன்றாம் நாள் மாலை டாக்டர் வந்தார். மறுநாள் காலை அறுவை. மைதிலி என் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காதர் பாய் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர் சார், ஒரு விசயம். சொல்லலாமா கூடாதான்னு ரெண்டு நாளா ரோசனை பண்ணிக்கினு இருந்தேன். சாமி மத்தியானம் தூங்கும்போது மூச்சு நின்னு பூடுது."

"குறட்டையா பாய்?"

"கொறட்டை இல்ல சார். கொறட்டை வுட்டுக்கினே இருக்காரு, அப்புறம் கப்புனு நின்னு பூடுது. நெஞ்சு மட்டும் மேல கீழ இழுக்குது, காத்து போவல. அப்பால ஒரு பெரிய மூச்சு வாங்கித் திரும்பவும் கொறட்டை. ஓடற வாட்ச் நின்னா எனக்கு முழிப்பு வந்துடும் சார், அம்பது வருசப் பழக்கம். அதே மாதிரி முழிப்பு வந்துச்சு. செகண்ட் முள்ளைப் பாத்து எழுதி வச்சிகீறேன்."

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை நீட்டினார். 22, 31, 28, 35, 26 என்று வரிசையாக இருந்தது. ஒரு மத்தியானத்துக் கணக்கு.

டாக்டர் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்ளும் என்றார். ரத்தத்தில் பிராணவாயு குறையும். மூச்சு அடைபட்ட நேரத்தில் ஒரு நரம்பு இதயத்தைப் பிடித்து நிதானப்படுத்தும், சில சமயம் சில வினாடி நிறுத்தியும் விடும். மூளை அரைகுறையாக விழித்து ஒரு பெருமூச்சு வாங்கியதும் இதயம் தடதடவென்று ஓடும். இரவு முழுக்க இதே கூத்து. அதனால்தான் பகலில் தூக்கம். மூச்சைச் சரிசெய்தால் பெரும்பாலும் இதயமும் சரியாகிவிடும், பேஸ்மேக்கர் தேவைப்படாது.

"ராத்திரியில நிக்கிறதுக்கெல்லாம் இது பொருந்துது" என்றார். "ஆனா கச்சேரிதான் இடிக்குது. அங்க நீங்க முழிச்சிட்டு இருந்தீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். தோடி பாடினப்போ முழிச்சிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமாம்" என்றேன்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. விடிந்தால் கத்தி. இருந்தும் 'ஆமாம்' என்றுதான் வந்தது.

மைதிலி சாத்துக்குடியைத் தட்டில் வைத்தாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"இல்லை டாக்டர். தூங்கிண்டிருந்தார்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது பாட்டுலேயே தூங்கிட்டார். எப்பவும் அப்படித்தான், பன்னெண்டு வருஷமா. கொறட்டை கேக்கப்படாதுன்னுதான் ஸ்பீக்கருக்குக் கீழ உக்காத்தி வைப்பேன். தோடியைக் கேட்டது நான். வழியில சொல்லிண்டு வந்தேன். எழுதினது அவர்தான், நன்னா எழுதுவார். எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது." கடைசி வாக்கியத்தை எனக்காகத்தான் சேர்த்தாள். அப்போதும் என் மானத்தில் ஒரு துண்டையாவது காப்பாற்றப் பார்த்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார் டாக்டர்.

"என்னை யாரும் கேக்கலையே" என்றாள் மைதிலி.

அதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை. ஸ்கூட்டரிலும் மயக்கமில்லை, தூங்கித்தான் போனேன் என்று சொன்னேன். டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேஸ் ஷீட்டை எடுத்து ஒரு வரியை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். "நாளைக்கு ஆபரேஷன் இல்ல. ராத்திரி சாப்பிடலாம்" என்றார்.

அவர் போனதும் காதர் பாய் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "வாட்ச் நின்னு பூட்ச்சுன்னு வந்தா மொதல்ல சாவி குடுத்துகீதான்னு கேப்பேன் சாமி. கேக்காம மெசினைக் கழட்டுனா பாவம். ஆனா சில பேரு குடுத்தேன்னு பொய் சொல்லுவான்" என்றார். நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். வெட்கம் தாங்கவில்லை. கூடவே, உயிர் பிழைத்த சந்தோஷமும் தாங்கவில்லை.

பிறகு தூக்கப் பரிசோதனை நடந்தது. தலை, தாடை, மார்பு, விரல் எல்லாவற்றிலும் ஒயர் ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். எனக்கு அதில் சிரமமே இருக்கவில்லை. பாயின் கணக்கும் இயந்திரத்தின் கணக்கும் அதிகம் வித்தியாசப்படவில்லை. இதயம் நின்ற ஒவ்வொரு இடத்திலும் அதற்கு முன்னால் மூச்சு நின்றிருந்தது. மூக்கின்மேல் மாட்டிக்கொண்டு தூங்கும் முகமூடி ஒன்றும், அதற்குள் காற்றை மெல்ல ஊதி மூச்சு வழியைத் திறந்துவைக்கும் இயந்திரம் ஒன்றும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. சேமநல நிதிக் கடன் அதற்குப் போயிற்று. முதல் வாரம் யானைத் துதிக்கையோடு படுத்திருப்பதுபோல் இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு நாள் காலை எழுந்தபோது தலை கனக்கவில்லை. ஆபீஸில் மத்தியானம் மூன்று மணி எப்படி இருக்கும் என்று பல வருஷம் கழித்துப் பார்த்தேன்.

மைதிலிக்குத்தான் தூக்கம் வரவில்லை. நிசப்தத்தில் எழுந்து எழுந்து என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக என் மூச்சு நின்ற போதெல்லாம், அது திரும்ப வரும் வரை அவள் விழித்துக் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரிய குறட்டை வந்தால் நிம்மதியாகக் கண்ணை மூடுவாளாம். அவளுக்கு அந்தப் பழக்கம் விட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பத்திரிகை ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "யார் கேட்டா என்ன சார், வெள்ளிக்கிழமைக்குள்ள மேட்டர் வந்தா போதும்" என்றார். இனி இரண்டு பெயரும் போடச் சொன்னேன்.

பங்குனியில் மறுபடி ஹோல்டர் மாட்டினார்கள். அதே கேசட் பெட்டி. காகிதத்தை இந்தத் தடவை டாக்டர் என்னிடம் தரவில்லை, மைதிலியிடம் கொடுத்தார். அன்றும் ஒரு கச்சேரி இருந்தது, கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். மைதிலி பழக்க தோஷத்தில் ஒலிபெருக்கிக்குக் கீழே போனாள். நான் அவளைக் கூட்டிவந்து நடு வரிசையில் உட்கார வைத்தேன். ராக ஆலாபனை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஏதோ கனத்தது. திரும்பிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்தபடி தூங்கியிருந்தாள். நான் ஆடாமல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

மறுநாள் காகிதத்தை டாக்டர் வாங்கிப் படித்தார். மைதிலியின் குண்டு எழுத்தில் 'மாலை 6.10 முதல் 6.50 வரை: இவர் விழித்துக்கொண்டிருந்தார். நான் தூங்கிவிட்டேன்' என்று இருந்தது. அறிக்கை வந்த அன்று அந்த நாற்பது நிமிஷத்துக் கோட்டில் ஓர் இடைவெளியும் இல்லை. இரவிலும் இல்லை. டாக்டர் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் ஒரு முறை ஏமாந்தவர் அல்லவா?

"நீங்க தூங்கிட்டீங்கன்னா, இவர் முழிச்சிட்டு இருந்தார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"என்ன பாடினான்னு கேட்டேன் டாக்டர்" என்றாள் மைதிலி. "ஆத்துக்கு வர வழி பூரா சொல்லிண்டு வந்தார்."